கென்ட் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: வெளியே சாப்பிடப் போகும்போது

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் கென்ட் மாவட்டத்தில் மெட்வே, ஆஷ்போர்டு, கேன்டர்பரி பக்கம் ஆஸ்பத்திரி வேலைக்கும் படிப்புக்கும் வருகிற நம்மவர்கள் முதல் சில மாதம் ஒரே மாதிரிதான் சாப்பிடுகிறார்கள். வார நாளில் வீட்டுச் சமையல், சனிக்கிழமை ராத்திரி ஒரு கறி ஹவுஸ் என்ற இந்திய பாணிச் சாப்பாட்டுக் கடை, திரும்பி வந்ததும் "இந்த ஊரில் வாய்க்கு ருசியாக ஒன்றுமே கிடைக்காது" என்று புலம்பல். இந்தப் புலம்பலில் பாதிக்கு மேல் நியாயம் இல்லை என்பேன். கென்ட்டுக்கு வடக்கே தேம்ஸ் முகத்துவாரம், கிழக்கிலும் தெற்கிலும் கடல். மீன் தின்று வளர்ந்தவர்கள் இங்கே வந்து, பட்டர் சிக்கன் சரியில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமே இல்லை. முதலில் கடல் பக்கம் போங்கள்.

ஆரம்பிக்க நல்ல இடம், மீனும் நீளமாக நறுக்கிய உருளைக்கிழங்கும் (இங்கே இதைத்தான் சிப்ஸ் என்பார்கள்) பொரித்து விற்கும் தெருமுனை சிப் ஷாப். எல்லாரும் காட் அல்லது ஹாடக் வாங்குவார்கள். நல்ல மீன்தான், ஆனால் நம் நாக்குக்குக் கொஞ்சம் சப்பென்று இருக்கும். விலைப் பலகையில் இன்னும் கீழே பாருங்கள். 'ராக்' என்றோ 'ஹஸ்' என்றோ இருந்தால் அது சிறு சுறா. சின்னச் சின்ன முள் கிடையாது, நடுவில் குருத்தெலும்புத் தண்டு ஒன்றுதான், குழந்தைக்குக்கூடப் பயமில்லாமல் பிய்த்துக் கொடுக்கலாம். லண்டனிலும் கென்ட்டிலும் இதைச் சாதாரணமாக விற்பார்கள். 'ஸ்கேட்' என்று இருந்தால் திருக்கை, அதன் இறக்கைப் பகுதியை மட்டும் பொரித்துத் தருவார்கள், சதை நார் நாராகக் கழன்று வரும். டோவர் பெயரைத் தாங்கிய 'டோவர் சோல்' நம் ஊர் நாக்கு மீன் வகை. அது சிப் ஷாப் சரக்கு இல்லை, நல்ல ரெஸ்டாரன்ட்டில்தான் கிடைக்கும், விலையும் கையைக் கடிக்கும்.

கவுன்டரில் கண்ணாடிப் பெட்டிக்குள் பொரித்த மீனைச் சூடாக அடுக்கி வைத்திருப்பார்கள். அதில் எடுத்துத் தர வருவதற்குள், புதிதாகப் போட்டுத் தர முடியுமா என்று கேளுங்கள். சில நிமிஷம் காத்திருக்கச் சொல்வார்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். அந்தச் சில நிமிஷத்தில் கிடைப்பது வேறு சாப்பாடு. மேல் மாவு விரல் பட்டால் உடையும், உள்ளே மீன் ஆவி பறக்கும். பொட்டலம் கட்டுவதற்கு முன் உப்பும் வினிகரும் வேண்டுமா என்று கேட்பார்கள், இரண்டுக்கும் சரி சொல்லுங்கள். அந்தப் பழுப்பு நிற மால்ட் வினிகர் இல்லாவிட்டால் எண்ணெய் திகட்டிவிடும். கைப்பையில் மிளகாய்ப் பொடி எடுத்துப் போகிறவர்களும் உண்டு, நான் தடுக்க மாட்டேன். ஒரு பெரிய பங்கு சிப்ஸ் இரண்டு பேருக்குத் தாராளமாகக் காணும் என்பதால் ஆளுக்கொன்று வாங்கிவிடாதீர்கள். மார்கேட், விட்ஸ்டபிள் கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் கடற்காக்கை மேல் ஒரு கண் வையுங்கள், அது கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும்.

விட்ஸ்டபிள் என்றதும் சிப்பி. துறைமுகத்தைச் சுற்றியுள்ள கடைகளில் பச்சையாகவே உடைத்து எலுமிச்சையோடு தருவார்கள். இங்கத்திய நாட்டுச் சிப்பிக்குச் சீசன் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, மற்ற மாதங்களில் கிடைப்பது வளர்ப்புச் சிப்பி. பச்சையாக உண்ண மனம் வராவிட்டால் சுட்டோ பொரித்தோ தரும் கடைகள் இருக்கின்றன. கர்ப்பிணிகளும் வயதானவர்களும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் பச்சைச் சிப்பி பக்கமே போக வேண்டாம். அதே கடைகளில் சின்னக் கிண்ணத்தில் வேகவைத்த மட்டி, வினிகரும் வெள்ளை மிளகுத் தூளும் தூவிக் கிடைக்கும். அதை ஊரில் வறுத்துச் சாப்பிட்டவர்களுக்கு முதல் வாய் ஏமாற்றமாக இருக்கும், மூன்றாவது வாயில் பழகிவிடும். விட்ஸ்டபிளில் 1856இல் தொடங்கிய வீலர்ஸ் என்ற இளஞ்சிவப்பு முகப்புச் சிப்பிக்கடை ரொம்பப் பிரபலம், இடம் வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். பக்கத்தில் சீசால்ட்டரில் ஸ்போர்ட்ஸ்மன் என்ற பப், வெளியே பார்த்தால் சாதாரணமாக இருக்கும், ஆனால் சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷலின் நட்சத்திரத்தை 2008இல் வாங்கியது. கல்யாண நாள் போன்ற விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பப். குடிக்காதவர்கள் பலர் பப்புக்குள் கால் வைக்கவே தயங்குகிறார்கள், முக்கியமாக அம்மா அப்பாவை ஊரிலிருந்து அழைத்து வந்தவர்கள். இங்கே பப் என்பது பாதி சாப்பாட்டுக் கடை. மத்தியானம் போனால் தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை, நாய் எல்லாம் இருக்கும். குழந்தைகளைப் பெரியவர்களோடு அனுமதிப்பார்கள், சில இடங்களில் மட்டும் ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு மேல் வேண்டாம் என்பார்கள். மது வேண்டாம் என்றால் லைம் அண்டு சோடா கேளுங்கள், விலையும் குறைவு, யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

பல பப்களில் மேசையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருந்தால் உட்கார்ந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு, பாரில் போய் ஆர்டர் சொல்லி, அங்கேயே காசு கட்டிவிட்டு வர வேண்டும். சாப்பாட்டை அவர்களே கொண்டுவந்து வைப்பார்கள். இது கூச்சமாக இருந்தால், ஊருக்கு ஊர் பப் நடத்தும் வெதர்ஸ்பூன் நிறுவனத்தின் கடையில் பழகுங்கள். செல்போன் ஆப்பிலேயே ஆர்டர் செய்யலாம், விலையும் மலிவு. அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய பப் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, ராம்ஸ்கேட் கடற்கரையில் ராயல் விக்டோரியா பெவிலியன் என்ற பழைய கட்டிடத்தில் 2017இல் திறந்தது. சாப்பாடு பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், மாடியிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கலாம்.

நேர விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது. ஒன்பதரைக்குச் சாப்பிடப் போகிற பழக்கம் இங்கே செல்லாது. சின்ன ஊர்களில் எட்டரை, ஒன்பதுக்கே சமையல்கட்டை மூடிவிடுவார்கள், பார் மட்டும் திறந்திருக்கும். மத்தியானம் இரண்டரைக்கு மேல் சாயங்காலம் ஐந்தரை வரையிலும் பல இடங்களில் அடுப்பு கிடையாது. திங்கள்கிழமை முழுநாள் லீவு விடும் கடைகளும் நிறைய. கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

இனி சைவம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் பச்சைப் புள்ளி இங்கே இல்லை. மெனுவில் 'வி' என்று போட்டிருந்தால் இறைச்சி, மீன் இல்லை என்பது மட்டுமே அர்த்தம், முட்டை இருக்கலாம். முட்டையும் கூடாது என்பவர்கள் 'வீகன்' என்று கேட்டால் பால், தயிர் போனாலும் நிம்மதி கிடைக்கும். அப்புறம் மறைந்திருப்பவை. பார்மசான் சீஸில் பாலைத் திரிய வைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் உண்டு. வுஸ்டர் சாஸில் பெரும்பாலும் நெத்திலி வகை மீன் சேரும். ஜெல்லி, பன்னகோட்டா போன்ற இனிப்பில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். சூப் காய்கறி சூப்பாகவே இருக்கும், அதில் கரைத்த ஸ்டாக் என்ற சாறு கோழியாக இருக்கலாம். சிப்ஸ்கூடச் சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிகிறது, வேறு கடைகளில் மீன் பொரித்த அதே எண்ணெயில். இவற்றைக் கேட்டால்தான் சொல்வார்கள், கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள்.

கேட்பதில்தான் நம் ஆட்களுக்குத் தயக்கம். "தொந்தரவு கொடுக்கிறோமோ, ஆங்கிலம் சரியாக வருமோ" என்று நினைத்து, வந்ததில் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து வருகிறார்கள். இந்த நாட்டில் கேட்பது சர்வசாதாரணம். நிலக்கடலை, பால், முட்டை, எள், கடுகு என்று 14 ஒவ்வாமைப் பொருள்கள் எந்தெந்தப் பதார்த்தத்தில் இருக்கின்றன என்று சொல்ல வேண்டியது கடைக்காரரின் சட்டக் கடமை. எள் இருந்தது தெரியாமல் சான்ட்விச் சாப்பிட்டு 2016இல் இறந்துபோன நடாஷா என்ற சிறுமியின் பெயரால், கடையிலேயே தயாரித்துக் கட்டி வைக்கும் உணவுக்கும் முழுப் பட்டியல் ஒட்ட வேண்டும் என்று 2021 அக்டோபரில் விதி வந்தது. அதனால் பணியாளர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை, பல இடங்களில் அவர்களே முதலில் கேட்பார்கள். ஆனால் தேங்காய், பூண்டு, வெங்காயம் அந்த 14இல் கிடையாது. அவை ஆகாது என்றால் தனியாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் காட்டேஜ் பை, லசானியா, பர்கர் மூன்றையும் கேட்காமலே மாடு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஷெப்பர்ட்ஸ் பை ஆட்டுக்கறி. சாஸேஜ் என்று சும்மா எழுதியிருந்தால் பன்றி. ஹலால் பப்களில் அநேகமாகக் கிடைக்காது, அதற்குத் துருக்கி, வங்கதேச நாட்டவர் கடைகள்தான்.

ஞாயிறு மத்தியானம் ஒரு தடவையாவது பப்பில் ரோஸ்ட் சாப்பிடுங்கள், அதாவது அடுப்பில் சுட்ட இறைச்சியோடு உருளைக்கிழங்கும் கிரேவியும். ரோம்னி மார்ஷ் புல்வெளியில் மேய்ந்த ஆடு கென்ட்டுக்குப் பேர்போனது, மெனுவில் கண்ணில் பட்டால் அதையே கேளுங்கள். ஆட்டை உள்ளே இளஞ்சிவப்பாகத்தான் பரிமாறுவார்கள், நன்றாக வெந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடலாம். காரம் இல்லையே என்று தவிப்பவர்களுக்கு மருந்து மேசையிலேயே இருக்கிறது: இங்கிலீஷ் மஸ்டர்ட். கடுகளவு போதும், மூக்கு வழியே ஏறும். சைவத்துக்கு, கொட்டைப் பருப்புகளைச் சேர்த்துச் சுட்ட நட் ரோஸ்ட் என்று ஒன்று உண்டு. அதற்கு வரும் கிரேவியும் உருளைக்கிழங்கும் சைவம்தானா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், கிழங்கை வாத்துக் கொழுப்பில் வறுக்கிற வழக்கம் இருக்கிறது.

சரி, கறி ஹவுஸை முழுசாக விட்டுவிடச் சொல்லவில்லை. நடத்துபவர்கள் பெரும்பாலும் வங்கதேசத்துச் சில்ஹெட் பக்கத்துக் குடும்பங்கள். மெனுவில் இருக்கும் 'மெட்ராஸ்' சென்னையைப் பார்த்ததே கிடையாது, தக்காளியும் மிளகாயும் தூக்கலான ஒரு குழம்பு, அவ்வளவுதான். கூட்டமில்லாத வார நாளில் போய், நீங்கள் வீட்டில் சாப்பிடுகிற மாதிரி ஒரு மீன் குழம்பு கிடைக்குமா என்று முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். பல நேரம் முகம் மலர்ந்துவிடும். ஃபோக்ஸ்டன் அருகே ஷார்ன்கிளிஃபிலும் மெய்ட்ஸ்டோனிலும் பிரிட்டிஷ் ராணுவத்தின் நேபாள நாட்டுக் கூர்க்கா படையினர் இருப்பதால் அந்த ஊர்களில் நேபாளிக் கடைகள் உண்டு. அங்கே மோமோவோடு வரும் சட்னியில்தான் எனக்கு நம் ஊர்க் காரம் கிடைத்தது.

பணம் பற்றிச் சுருக்கமாக. மெனுவில் இருக்கும் விலையில் வாட் வரி அடக்கம், கடைசியில் ஜிஎஸ்டி மாதிரி மேலே ஏறாது. ஆனால் மேசைக்கே வந்து பரிமாறும் ரெஸ்டாரன்ட்களில் பில்லோடு பத்து, பன்னிரண்டரை சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருக்கலாம். அது விருப்பத்தொகை என்று எழுதியிருந்தால், சேவை மோசமென்றால் எடுத்துவிடச் சொல்லலாம். 2024 அக்டோபரிலிருந்து அந்தப் பணம் முழுவதும் பணியாளர்களுக்கே போக வேண்டும் என்பது சட்டம், அதனால் நன்றாகக் கவனித்தார்களென்றால் நான் எடுக்கச் சொல்வதில்லை. பாரில் ஆர்டர் செய்யும் பப்பில் டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள். தண்ணீருக்குப் பாட்டில் வாங்காதீர்கள், மது விற்கும் இடத்தில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். வாசலில் பச்சையும் கறுப்புமாக 0 முதல் 5 வரை எண் போட்ட சுகாதார ஸ்டிக்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஒட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஒட்டாத கடையின் மதிப்பெண்ணை இணையத்தில் பார்க்கலாம். 3க்குக் கீழே என்றால் நான் உள்ளே போக மாட்டேன்.

வேலையிடத்து ஆட்களோடு போகும்போது, முழு பில்லையும் நான்தான் கட்டுவேன் என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவரவர் பங்கை அவரவர் கட்டுவதுதான் வழக்கம், நீங்கள் கட்டினால் அவர்களுக்குச் சங்கடம். பப்பில் மட்டும் கணக்கு வேறு. ஒருவர் எல்லாருக்கும் வாங்குவார், அடுத்த முறை இன்னொருவர். வெறும் ஆரஞ்சு ஜூஸ் குடித்தாலும் உங்கள் முறை வரும்போது எழுந்து போய் வாங்கிக் கொடுங்கள், அதைக் கவனிப்பார்கள்.

பிள்ளைகளுக்கு ஜிப்சி டார்ட். கென்ட்டுக்கே உரிய இனிப்பு, இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் மத்தியானச் சாப்பாட்டோடு போட்டது. சுண்டிய டின் பாலையும் மஸ்கவாடோ என்ற கருஞ்சர்க்கரையையும் நுரைக்க அடித்து ஊற்றிச் சுடுகிறார்கள். கருப்பட்டி போட்ட பால்கோவா மாதிரி இருக்கும், பெரியவர்களுக்கு ஒரு துண்டுக்கு மேல் தாங்காது. பேக்கரிகளிலும் டீக்கடைகளிலும் கிடைக்கும். பிராட்ஸ்டேர்ஸில் 1932இலிருந்து இருக்கும் மொரெல்லிஸ் ஐஸ்கிரீம் கடை கோடை நாளில் வரிசை நீளும், ஆனாலும் நிற்கலாம்.

கடைசியாக, பதிவு செய்ய மறக்கக் கூடாத நாள்கள். இங்கே அன்னையர் தினம் மே மாதத்தில் இல்லை, ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்னால் வரும் ஞாயிறு. அன்று முன்பதிவில்லாமல் ரோஸ்ட் கிடைப்பது கஷ்டம். டிசம்பர் முழுக்க ஆபீஸ் விருந்துகளால் மேசைகள் நிரம்பிவிடும், பல இடங்களில் முன்பணமும் கேட்பார்கள், சொல்லாமல் வராவிட்டால் அது திரும்பாது. டிசம்பர் 25 அன்று ரயில் ஓடாது, பஸ்ஸும் அநேகமாக இருக்காது. அன்றைக்கு எங்காவது மேசை பிடித்திருந்தால், காரில் கூட்டிப் போக ஆளையும் சேர்த்துப் பிடித்துவிடுங்கள்.