சின்ன நாய்க்கு டென்டல் ஸ்டிக்: பலன் உண்டா, வீண் செலவா?

பொம்மிவீடு: எங்கள் பொமரேனியனுக்கு நான்கு வயது, மூன்று கிலோ எடை. மேல் கடைவாய்ப் பற்களில் ஈறை ஒட்டிப் பழுப்பாகக் காறை ஏறியிருக்கிறது. மடியில் வந்து கொட்டாவி விட்டால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். பிரஷ்ஷைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். பல் சுத்தமாவதற்காக மெல்லக் கொடுக்கும் தின்பண்டக் குச்சி இருக்கிறதே, டென்டல் ஸ்டிக், அதைத் தினம் ஒன்று கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

கறார்கண்ணன்: எதையும் பார்க்க வேண்டாம், வாங்கவே வேண்டாம். பல் வெள்ளையாகத் தெரிவது வேறு, வாய் ஆரோக்கியமாக இருப்பது வேறு. நோய் பிடிப்பது ஈறுக்கு அடியில். அந்த இடுக்குக்குள் எந்தக் குச்சியும் போகாது. பிரஷ் செய்யப் பழக்குங்கள், அவ்வளவுதான்.

மெல்லுமணி: பழக்குவதற்குள் என்ன செய்வது கண்ணன்? பல்லில் படியும் பிசுபிசுப்புப் படலம் இரண்டு மூன்று நாளிலேயே உமிழ்நீரில் உள்ள தாதுக்களோடு சேர்ந்து கல் மாதிரி காறையாக இறுக ஆரம்பித்துவிடும். இறுகுவதற்கு முன் தினமும் ஏதாவது ஒன்று அதை உரசியாக வேண்டும்.

பொம்மிவீடு, பொட்டலத்தில் வி.ஓ.எச்.சி. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1997 முதல் இயங்கும் கால்நடை வாய்நலக் குழு அது. நிறுவனம் நடத்திய சோதனை முடிவுகளைச் சரிபார்த்துத்தான் முத்திரை தருவார்கள். படலத்துக்கா, காறைக்கா, இரண்டுக்குமா என்பதும் அதிலேயே இருக்கும். ‘மூச்சு மணக்கும்’ என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

கறார்கண்ணன்: அந்த முத்திரைக்குப் படலமோ காறையோ எவ்வளவு குறைந்தால் போதும் என்பதையும் சொல்லிவிடுங்களேன். இரண்டு சோதனைகளின் சராசரி 20 விழுக்காடு! மீதி 80 அப்படியே பல்லில்தான் இருக்கும். அதுவும் சோதனையைக் குழு நடத்துவதில்லை, விற்கிறவர்களே நடத்திக் கொடுக்கிறார்கள்.

மெல்லுமணி: 20 என்பது வாசற்படி, உச்சவரம்பு இல்லை. முத்திரை இல்லாத குச்சிக்கு அந்தக் கணக்குக்கூடக் கிடையாதே.

எலும்புக்கட்சி: ஆளாளுக்குப் பாடம் எடுக்கிறீர்கள். நாய்க்கு யார் காலங்காலமாகப் பல் தேய்த்துவிட்டார்கள்? நல்ல கெட்டி எலும்போ மான் கொம்போ போடுங்கள், தானாகச் சுத்தமாகிவிடும்.

கிளினிக்உதவி: தயவுசெய்து வேண்டாம். கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். மேல் தாடையின் நான்காவது முன்கடைவாய்ப் பல்லும் கீழ்த் தாடையின் முதல் கடைவாய்ப் பல்லும் கத்தரிக்கோல் மாதிரி சேர்ந்து வெட்டும். கொம்பு, குளம்பு, கெட்டி நைலான் போன்றவற்றைக் கடித்தால் அந்த மேல் பல்லின் வெளிப்பக்கம் ஒரு சில்லாகப் பெயர்ந்து வரும், உள்ளே நரம்பு தெரியும். வேர் சிகிச்சை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பல்லைப் பிடுங்க வேண்டும். நாயும் வலியை வெளியே காட்டாது, பாதிப் பேர் கவனிப்பதே இல்லை. சமைத்த எலும்பு இன்னும் மோசம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழாத எதையும் நாய் வாயில் கொடுக்காதீர்கள்.

எலும்புக்கட்சி: எங்கள் ராஜபாளையத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

கிளினிக்உதவி: சந்தோஷம். கேள்வி மூன்று கிலோ நாயைப் பற்றியது. பெரிய நாய்க்கும் இதற்கும் ஒரே கணக்குப் பல், 42. இந்தச் சின்னத் தாடையில் அவை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், இடுக்கெல்லாம் அழுக்கு சேரும். ஈறு நோய் முற்றி எலும்பு கரைந்துவிட்டால், சோபாவிலிருந்து குதித்தாலே கீழ்த் தாடை உடையலாம்.

பொம்மிவீடு: பயமுறுத்துகிறீர்களே! சரி, மென்மையான ஸ்டிக் என்றே வைத்துக்கொள்வோம். பெரிய சைஸ் வாங்கி ஒடித்துக் கொடுக்கலாமா?

மெல்லுமணி: கூடாது. துண்டாகக் கொடுத்தால் அப்படியே விழுங்கிவிடும். தொண்டையிலோ குடலிலோ மாட்டினால் ஆபத்து, பல்லுக்கும் எந்தப் பலனும் இல்லை. உங்கள் நாயின் எடைக்கென்று அச்சிட்டிருக்கும் சைஸையே வாங்குங்கள். முதல் சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முன்னங்கால்களுக்கு நடுவே நிறுத்திவைத்து, தலையைச் சாய்த்து, கடைவாய்க்குக் கொண்டுபோய் அரைக்க வேண்டும். பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் மெல்லும். மறுமுனையை நீங்கள் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கம் நீட்டுங்கள். இரண்டே கடியில் காலி செய்கிற நாய் என்றால் அந்த வகையை விட்டுவிடுங்கள்.

கறார்கண்ணன்: கலோரியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். தின்பண்டம் எல்லாம் சேர்த்து ஒரு நாள் கலோரியில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பார்கள். மூன்று கிலோ நாய்க்கு அது 20 கலோரி சொச்சம். ஒரு குச்சியிலேயே அது முடிந்துவிடும். அப்புறம் பிஸ்கட் கேட்டு வாலாட்டினால் என்ன செய்வீர்கள்?

பொம்மிவீடு: பிஸ்கட்டை நிறுத்திவிடுவேன்.

கறார்கண்ணன்: பார்க்கலாம்.

கிளினிக்உதவி: ஏற்கெனவே காறை பிடித்திருக்கிறது என்றீர்களே, அதை ஸ்டிக்கும் எடுக்காது, பிரஷ்ஷும் எடுக்காது. டாக்டரிடம் காட்டி, மயக்க மருந்து கொடுத்து ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். மயக்கம் இல்லாமல் சுரண்டிவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள், வெளியே பளபளப்பாகும், அடியில் எல்லாம் அப்படியே இருக்கும். இனி புதிதாகச் சேராமல் தடுக்கத்தான் ஸ்டிக்.

கறார்கண்ணன்: இதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்.

மெல்லுமணி: இல்லை, நீங்கள் வாங்கவே வேண்டாம் என்றீர்கள்.

பொம்மிவீடு: துணியை விரலில் சுற்றித் தேய்த்தால் முன்பல் வரைக்கும் விடுகிறாள். உள்ளே போனால்தான் கடிக்கிறாள்.

கறார்கண்ணன்: வாயைத் திறக்கவே வேண்டாமே. மூடியபடியே இருக்கட்டும், மேலுதட்டை மட்டும் லேசாகத் தூக்கி, கன்னத்தை ஒட்டிய வெளிப்பக்கத்தைத் தேய்த்தால் போதும். காறை அதிகம் சேருவது அங்கேதான். நாய்க்கென்று விற்கும் பேஸ்ட்டை மட்டும் வையுங்கள். மனிதர்களுக்கான பேஸ்ட்டில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் நாய்க்கு விஷம்.

மெல்லுமணி: தேய்த்து முடித்ததும் பரிசாக அந்த ஸ்டிக்கையே கொடுத்துவிடுங்கள். கண்ணனுக்குத் தெரிய வேண்டாம்.