எந்த விரல் மரக்கிறது என்று முதலில் பாருங்கள்

கை இயன்முறைப் பிரிவிலிருந்து:
"போன் பார்த்துப் பார்த்து கை மரத்துப்போகுது" என்று வருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த விரல் என்பதைத்தான். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி என்றால் மீடியன் நரம்பு. மணிக்கட்டில் அது நுழையும் இடுக்கில் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) கூடவே போகின்றன. மணிக்கட்டை மடக்கிப் பிடித்தபடி நெடுநேரம் தட்டிக்கொண்டிருந்தால் அங்கே அழுத்தம் ஏறும். மோதிரவிரலின் இரு ஓரங்களையும் பஞ்சால் தடவிப் பாருங்கள். நடுவிரல் பக்கம் மந்தமாகவும் சுண்டுவிரல் பக்கம் சரியாகவும் இருந்தால் சிக்கல் பெரும்பாலும் மணிக்கட்டில்தான். நடுராத்திரி விழிப்பு வந்து, கையை உதறினால் சரியாவதும் இதற்கே உரிய அடையாளம்.

மறுமொழி:
சுண்டுவிரல் மரத்தால் கதை வேறு. அது அல்நார் நரம்பு. இடித்துக்கொண்டால் ஷாக் அடிக்குமே, முழங்கையின் அந்த உள்பக்கப் பள்ளம் வழியாக வருவது. படுத்துக்கொண்டு போனை முகத்துக்கு மேலே பிடித்தாலும், காதில் வைத்து மணிக்கணக்கில் பேசினாலும் முழங்கை முழுக்க மடங்கி நரம்பு இழுபடுகிறது. சுண்டுவிரல் பக்கத்துப் புறங்கையும் சேர்ந்து மரத்தால் கோளாறு பெரும்பாலும் முழங்கையில். இதற்கு, மணிக்கட்டை மடங்காமல் பிடிக்கும் மணிக்கட்டுப் பட்டை வாங்கினால் காசுதான் வீண். தூங்கும்போது முழங்கை மடங்காதபடி ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொள்ளுங்கள். பேச இயர்போன், பார்க்க ஸ்டாண்ட்.

மறுமொழி:
மீடியன் நரம்புச் சிக்கலுக்குப் போடும் மணிக்கட்டுப் பட்டை பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வாங்குபவர்களில் பலர் தவறாகவே போடுகிறார்கள். உள்ளே இருக்கும் அலுமினியத் தகடு பல பட்டைகளில் புறங்கைப் பக்கம் வளைந்தே வரும். அப்படியே போட்டால் மணிக்கட்டு மேல்நோக்கி நிற்கும், உள்ளே அழுத்தம் குறையாது. தகட்டை உருவி, மேசையில் வைத்து நேராக்கி, திரும்பச் செருகுங்கள். பட்டையின் முன்விளிம்பு உள்ளங்கை ரேகைக்குக் கீழேயே நிற்கட்டும். விரல்கள் முழுக்க மடங்க வேண்டும். ஒட்டுப்பட்டிக்கு (வெல்க்ரோ) அடியில் ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு போதும். இறுக்கினால் மரப்பு கூடும். ராத்திரி மட்டும், விடாமல் 6 வாரம். இரண்டு நாள் போட்டுவிட்டுப் பலனில்லை என்று கழற்றி வைப்பதுதான் அடிக்கடி நடக்கிறது.

மறுமொழி:
போன் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். சர்க்கரை, தைராய்டு குறைவு, கர்ப்பகால நீர்கோர்ப்பு, மூட்டுவாதம் எல்லாம் இதே மரப்பைக் கொண்டுவரும். இரண்டு கையும் மரத்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். பாதங்களும் மரத்தால் சர்க்கரையோடு பி12 அளவையும் பாருங்கள். கடையில் கேட்டு வாங்கும் "நரம்பு மாத்திரை" சத்துக்குறைவு இருப்பவருக்கு உதவும்; இடுக்கில் நசுங்கும் நரம்பை அது விடுவிக்காது. கட்டைவிரல் அடியில் மணிக்கட்டு ஓரமாக வலி மட்டும் இருந்து மரப்பு இல்லையென்றால், அது பெரும்பாலும் தசைநாண் உறை வீக்கம்.

இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்துக் கட்டைவிரல் மேட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினால், பட்டையோடு காத்திருக்க வேண்டாம். நரம்புக் கடத்தல் பரிசோதனை (நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது) செய்து அந்த வாரமே கை அறுவை மருத்துவரைப் பாருங்கள். வற்றிய தசை அறுவைக்குப் பிறகும் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.