களிமண் பூசணி விரிசல் விடுகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

ஹாலோவீனுக்காக 1:12 அளவில் (நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு) ஒரு குட்டி சூனியக்காரி வீட்டு வாசல் செய்துகொண்டிருக்கிறேன். பாலிமர் களிமண்தான் (ஓவனில் சுட்டால் இறுகும் பிளாஸ்டிக் வகைக் களிமண்). கல்லறைக் கல், வௌவால் எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டன. பல்குத்தும் குச்சியில் நூல் சுற்றிச் செய்த துடைப்பம் எனக்கே பிடித்துப்போனது.

சிக்கல் பூசணியில். அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி, மேலே களிமண் போர்த்தி, 2 செ.மீ. உருண்டையாக்கி, 130 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் சுட்டேன். ஆறியதும் பார்த்தால் காம்புக்குக் கீழே மயிரிழை விரிசல். இது மூன்றாவது தடவை!

தாளுக்கும் களிமண்ணுக்கும் நடுவில் காற்று சிக்குகிறதா, இல்லை சூட்டோடு வெளியே எடுப்பதுதான் தப்பா? அப்புறம், கண்ணையும் வாயையும் சுடுவதற்கு முன்பே வெட்டவேண்டுமா, பிறகா? அடியில் துளை போட்டுத் தாளை உருவிவிட்டு, உள்ளே ஒரு குட்டி எல்இடி வைப்பதாகத் திட்டம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.