பாம்பு பிடிக்கத் தெரியாதவராக இருந்திருந்தால்?

செங்கல்பட்டு பக்கம் மனை வாங்கி வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், தெருவில் பாதி மனை புதர்தான். ஒரு மத்தியானம் பக்கத்து மனையில் ஒருவர் கடப்பாரையும் துணிப்பையுமாகக் குனிந்து குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். "யாருப்பா, இங்கே என்ன வேலை?" என்றேன். "வளை பார்க்கிறேன் சார்" என்றார். எனக்கு விளங்கவில்லை. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில், 'சந்தேகப்படும்படி ஒரு ஆள், கேட்டைப் பூட்டிக்கொள்ளுங்கள்' என்று போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார்கள்.

"கொட்டினா உங்களுக்குத்தான் கஷ்டம் சார்."

உள்ளே கண்ணாடி விரியன்!

அவர் இருளர் பழங்குடியைச் சேர்ந்தவர். வளை என்றது பாம்புப் பொந்தை. வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடித்து மண்பானையில் வைத்திருந்து, விஷம் எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடும் ஊசி மருந்து அந்த விஷத்திலிருந்துதான் தயாராகிறது. கூட்டம் கலைந்ததும் அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னது ஒன்றுதான்: "போலீசுக்கு எதுவும் சொல்லிடாதீங்க சார்." விரியனைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிற மனிதர் பயந்தது அதற்குத்தான். செய்யாத திருட்டுக்கு இருளர்களைப் பிடித்துப் போன கதைகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு.

அன்று இரவு தேடித் தேடிப் படித்தேன். இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் 2017-இல் மலைப்பாம்பு பிடிக்க ஃபுளோரிடாவுக்கே அழைத்திருக்கிறார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. எல்லாவற்றையும் அதே குழுவில் நீளமாக எழுதினேன். கும்பிடு படங்கள் வந்து குவிந்தன. பெருமையாக மனைவியிடம் காட்டினேன்.

படித்து முடித்துவிட்டு அவள் கேட்டாள்: "சரி, பாம்பெல்லாம் தெரியாம, சும்மா விறகு பொறுக்க வந்தவரா இருந்தா?"

குழுவில் கும்பிட்ட யாரிடமும் இதற்குப் பதில் இருந்திருக்காது. என்னிடமும் இல்லை.

போன மாதம் குழுவில் இன்னொரு போட்டோ. தலையில் மூட்டையோடு ஒரு இளைஞர், கீழே 'வடக்கத்தி ஆள், உஷார்'. இறங்கிப் போய்ப் பேசினேன். போர்வை விற்கிறார். நல்லவரா கெட்டவரா என்று எனக்கு எப்படித் தெரியும்? 'போர்வை 350 ரூபாய், பேரம் பேசினால் குறைக்கிறார்' என்று மட்டும் குழுவில் போட்டேன்.