வழக்கை விசாரிக்கிற முன்சீப் எதிர்த்தரப்புக்குச் சொந்தமாகப் போகிறார், விலகச் சொல்லிக் கேட்கலாமா?

மிளகுக்கொடி:

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் அப்பா காலத்துக் காப்பித் தோட்டம் இரண்டரை ஏக்கர் இருக்கிறது. தோட்டத்துக்குப் போகிற ஜீப் தடம் பக்கத்துக்காரர் நிலத்தின் ஓரமாகப் போகிறது, நாற்பது வருசமாக எங்கள் மூட்டை இறங்குவது அதில்தான். அவர் அங்கே தங்கும் விடுதி கட்ட ஆரம்பித்ததும் தடத்தில் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். 2021-ல் சேலம் முன்சீப் கோர்ட்டில் தாவா போட்டோம், இன்னும் ஓடுகிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அஸ்தம்பட்டிக்கு வந்து, பெயர் கூப்பிடும் வரை வராந்தாவில் நின்று, தேதி வாங்கிக்கொண்டு மலை ஏறுவதுதான் வேலை.

இப்போது இருக்கிற முன்சீப் போன வருசம் ஜூனில் வந்தவர். பத்தரைக்கு டாண் என்று பெஞ்சில் இருப்பார், அதில் குறை சொல்ல முடியாது. தடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர கோர்ட் சார்பில் ஒரு வக்கீலை, அதாவது அட்வகேட் கமிஷனரை, போடச் சொல்லி ஒரு மனுப் போட்டிருந்தோம், இரண்டு வாய்தாவுக்கு முன்னால் தள்ளுபடி செய்துவிட்டார். சரி, நம் நேரம் என்று விட்டுவிட்டேன்.

போன ஞாயிறு பெரியப்பா வீட்டுக்குப் போனபோது டிவி ஸ்டாண்டில் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடந்தது. எங்கள் பக்கத்துக்காரர் மகளுக்குத்தான், கார்த்திகையில் முகூர்த்தம், ஐந்து ரோடு பக்கம் மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் 'தங்கள் நல்வரவை நாடும்' என்று ஏழெட்டுப் பெயர், அதில் மூன்றாவது பெயர் நம் முன்சீப். பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் 'நீதித்துறை' என்று வேறு போட்டிருக்கிறது. மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்காரராம். நாலு மூலையிலும் தடவின மஞ்சள் என் விரலில் ஒட்டிக்கொண்டது, எனக்கோ வயிற்றைப் புரட்டியது.

வக்கீலிடம் சொன்னால், இப்போது கிளற வேண்டாம், தீர்ப்பு பாதகமாக வந்தால் அப்பீலில் இதையே ஒரு காரணமாக வைத்துக்கொள்ளலாம் என்கிறார். அது சரிதானா? விலகச் சொல்லிக் கேட்டால் நீதிபதிக்குக் கோபம் வந்து உள்ளதும் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. வரும் 14-ம் தேதி என்னைக் குறுக்கு விசாரணை செய்யப் போகிறார்கள். காப்பிப் பழம் பறிக்கிற சீசனும் வந்துவிட்டது.

பழைய_சிரஸ்தார்:

தம்பி, உன் வக்கீல் சொல்வதைக் கேட்காதே. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, தீர்ப்பு எதிராக வந்ததும் 'நீதிபதி அவர்கள் ஆள்' என்றால் எந்த அப்பீல் கோர்ட்டும் கேட்காது. மானக் லால் என்ற ராஜஸ்தான் வக்கீல் வழக்கில் 1957-லேயே சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லிவிட்டது. அவரை விசாரித்த குழுவின் தலைவர், முன்பு ஒரு வழக்கில் புகார் கொடுத்தவருக்காக ஆஜரானவர். குழுவை அப்படி அமைத்தது தப்புதான் என்று கோர்ட்டே ஒத்துக்கொண்டது, ஆனால் ஆரம்பத்திலேயே தெரிந்தும் ஆட்சேபிக்காமல் இருந்துவிட்டாய் என்று சொல்லி அவர் அப்பீலைத் தள்ளிவிட்டார்கள். நீ பத்திரிகையைப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை, அடுத்த வாய்தா 14. அன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

எப்படிச் சொல்வது என்பதற்கு வருகிறேன். எடுத்த எடுப்பில் மேலே போகாதே. அவர் பெஞ்சில் இருக்கும்போது உன் வக்கீல் எழுந்து ஒரு மெமோ கொடுக்கட்டும். இன்ன தேதி கல்யாணம், இன்ன உறவு, பத்திரிகை இணைப்பு, இவ்வளவுதான். கோபப்படுவாரோ என்று யோசிக்கிறாய். நான் முப்பது வருசம் கோர்ட்டில் வழக்குக் கட்டு தூக்கியவன், சொல்கிறேன். பெரும்பாலான நீதிபதிகளுக்கு இது ஒரு நிம்மதி. ஒரு முன்சீப் தன் மகளுக்குப் பிரசவம் பார்த்த டாக்டரம்மா பிரதிவாதி என்று பார்த்ததும், பெஞ்ச் கிளார்க் நீட்டின கட்டைப் பிரிக்கவே இல்லை, 'இதை என் முன்னால் வைக்காதீர்கள்' என்று சொல்லிவிட்டு மாவட்ட நீதிபதிக்குத் தானே கடிதம் எழுதினார்.

தமிழ்நாட்டு சிவில் நீதிமன்றங்கள் சட்டம் என்று 1873-ம் வருசத்துச் சட்டம் ஒன்று உண்டு, இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் 17-வது பிரிவைப் படித்துப் பார். தான் கட்சிக்காரராக உள்ள, அல்லது தனக்குச் சொந்த அக்கறை உள்ள தாவாவை முன்சீப் விசாரிக்கக் கூடாது, மேல் கோர்ட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கும்.

குரங்குச்சாவடிக்காரன்:

ஐயா சொல்கிற 17-வது பிரிவில் 'சொந்த அக்கறை' என்றுதானே இருக்கிறது? மனைவியின் தம்பிக்கு மாமனார் ஆகப் போகிறவர் வீட்டுத் தடத்தில் முன்சீப்புக்கு என்ன அக்கறை, அவர் பங்கா கேட்கப் போகிறார்? இந்தக் கணக்கில் பார்த்தால் சேலத்தில் யாரும் யார் வழக்கையும் விசாரிக்க முடியாது. நாலு தெரு தள்ளிக் கேட்டால் எல்லோரும் மாமன் மச்சான்தான்.

இன்னொன்று, கமிஷனர் மனு தள்ளுபடி ஆனதை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். சாட்சியம் சேகரிக்கக் கமிஷனரை அனுப்ப முடியாது என்று எல்லாக் கோர்ட்டிலும் சொல்கிற காரணம்தான். அதோடு, பிடிக்காத நீதிபதியைத் தட்டிக் கழிக்க இந்த வழியைப் பிடிப்பவர்களும் உண்டு. 2019-ல் நில எடுப்புச் சட்ட வழக்கில், இதே கேள்வியில் ஏற்கனவே தீர்ப்பு எழுதியவர் இந்த அமர்விலும் இருக்கக் கூடாது என்று கேட்டபோது நீதிபதி அருண் மிஸ்ரா விலக மறுத்துவிட்டார். நந்திகிராம் தேர்தல் வழக்கில் 2021-ல் நீதிபதி கௌசிக் சந்தா விலகினார், ஆனால் கேட்ட முறை சரியில்லை என்று மம்தா பானர்ஜிக்கு 5 லட்சம் அபராதம் போட்டுவிட்டுத்தான் விலகினார். அவர் கட்டுவார். நமக்கு அது ரெண்டு வருசத்துக் காப்பி.

கருப்புக்கோட்டு:

சேலம் கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறேன், வழக்கு எது என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை, எண்ணை இங்கே போட்டுவிடாதீர்கள்.

குரங்குச்சாவடிக்காரர் சொன்னதில் பாதி சரி. கமிஷனர் உத்தரவு தனி, அது தப்பு என்றால் ஐகோர்ட்டில் சீராய்வு மனுப் போடுங்கள். அதை இதோடு கலந்தால் 'தோற்ற கடுப்பில் கேட்கிறார்' என்று ஆகிவிடும், மனு அங்கேயே படுத்துவிடும். உறவு விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. முன்சீப் நடுநிலையாக இருப்பாரா என்பது கேள்வியே இல்லை. 1987-ல் ரஞ்சித் தாக்கூர் வழக்கைப் பாருங்கள். ராணுவத்தில் சிக்னல்மேன், தன் கமாண்டிங் ஆபீசர் மேல் மேலிடத்துக்குப் புகார் அனுப்பியவர், அவரைத் தண்டித்த கோர்ட் மார்ஷலில் அதே ஆபீசர் உட்கார்ந்திருக்கிறார். சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தபோது, நீதிபதி தன் மனசைத் தொட்டு 'நான் பாரபட்சமாக இருக்கிறேனா' என்று கேட்டுப் பயனில்லை, எதிரே நிற்கிறவன் மனசில் நியாயமான சந்தேகம் வருமா என்று பார்க்க வேண்டும் என்றது. மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற இடத்தில் முன்சீப்பும் பிரதிவாதியும் சேர்ந்து நிற்கப் போகிறார்கள், அதைப் பார்க்கிற வாதிக்குச் சந்தேகம் வராதா?

மெமோவுக்கு அசையவில்லை என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 24-வது பிரிவில் முதன்மை மாவட்ட நீதிபதியிடம் டிரான்ஸ்ஃபர் ஓ.பி., அதாவது வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றக் கேட்கிற மனு, போடலாம், சென்னைக்குப் போக வேண்டியதில்லை. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும், முன்சீப்பிடம் விளக்கம் கேட்பார்கள், அப்புறம் அதே வளாகத்தில் இன்னொரு முன்சீப்புக்கு மாற்றினால் கதை முடிந்தது. ஆனால் மனுப் போட்டதாலேயே விசாரணை நிற்காது, தடை உத்தரவு தனியாகக் கேட்க வேண்டும். இதை மறந்துவிட்டு, மனு நிலுவையில் இருக்கிறதே என்று வாய்தாவுக்குப் போகாமல் தாவா தள்ளுபடி ஆனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மனுவோடு வைக்கிற அபிடவிட்டில் (பிரமாண வாக்குமூலத்தில்) ஒரு பெயரடைகூட வேண்டாம். 'விலை போய்விட்டார்', 'கைக்குள் போட்டுக்கொண்டார்' எல்லாம் டீக்கடையோடு சரி. கீழ் கோர்ட் நீதிபதியைப் பற்றி நல்லெண்ணத்தோடு இன்னொரு கீழ் கோர்ட்டிலோ ஐகோர்ட்டிலோ சொல்வது அவமதிப்பு ஆகாது என்று 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 6-வது பிரிவே காப்பாற்றுகிறது. அந்த நல்லெண்ணம் எழுத்தில் தெரிய வேண்டும், அதுதான். வாட்ஸ்ஆப் குரூப்பில் பத்திரிகைப் படத்தைப் போட்டு 'பாருங்கள் நம் ஜட்ஜை' என்று எழுதினால் அந்தப் பிரிவு வராது.

சேர்வராயன்67:

நான் பட்டவன். பாகப்பிரிவினை வழக்கில் என் அப்போதைய வக்கீல் எட்டுப் பக்கத்துக்கு 'சாதகமாக நடந்துகொள்கிறார்' என்று மட்டும் எழுதி மனுப் போட்டார். ஆதாரம் என்று ஒரு துண்டுச் சீட்டு இல்லை. 3,000 ரூபாய் செலவுத் தொகையோடு தள்ளுபடி. அப்புறம் அதே நீதிபதி முன்னால் ஒன்றரை வருசம் தலை நிமிராமல் நின்றேன். கடைசியில் அவர் எனக்கு முக்கால் பங்கு சரியாகவே கொடுத்தார், அது வேறு விஷயம். உங்களிடம் பத்திரிகை இருக்கிறது, அது பெரிய வித்தியாசம். போட்டோவை மட்டும் நம்பாமல் ஒரிஜினலைக் கையில் வாங்குங்கள்.

மிளகுக்கொடி:

எல்லோருக்கும் நன்றி. 14-ம் தேதி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வக்கீல் அரை மனசோடுதான் மெமோ கொடுத்தார், ஆறே வரி, பத்திரிகை இணைப்பு. முன்சீப் படித்தார், பத்திரிகையைத் திருப்பிப் பார்த்தார், எதிர் வக்கீலைப் பார்த்து 'இந்தப் பெண் வீட்டார்தான் உங்கள் கட்சிக்காரரா?' என்றார். அவர் எழுந்து 'ஆமாம் ஐயா' என்று சொல்லிவிட்டு நின்றார். ஒரு நிமிசம் ஃபேன் சத்தம் மட்டும்தான். 'முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்' என்றார், என்னைப் பார்த்து இல்லை, அவரைப் பார்த்து. மாவட்ட நீதிபதிக்கு எழுதுவதாகக் குறித்துவிட்டு, குறுக்கு விசாரணை இல்லாமலேயே கட்டை மூடிவிட்டார்.

ஒரு கேள்வி மிச்சம். புது கோர்ட்டில் கமிஷனர் மனுவை மறுபடி போடலாமா?

கருப்புக்கோட்டு:

நிலைமை எதுவும் மாறாமல் அதே மனுவை அப்படியே போட்டால் ஏற்கனவே தள்ளுபடி ஆனதைக் காட்டித் தள்ளிவிடுவார்கள். சீராய்வுதான் வழி, அதையும் சீக்கிரம் போடுங்கள். கேட்டைத் தாண்டி அவர் புதிதாக ஏதாவது கட்டினால் அது வேறு, அப்போது புது மனு.

பழைய_சிரஸ்தார்:

பத்திரிகை ஒரிஜினலையா கொடுத்தாய்?

மிளகுக்கொடி:

ஆமாம் ஐயா, கட்டில் போய்விட்டது. பெரியப்பா நேற்று ஃபோன் பண்ணி, மண்டபம் பெயர் மறந்துவிட்டது, பத்திரிகையைத் திருப்பிக் கொடு என்கிறார்.