பெட்டியில் 8 ஜிபி ரேம், உள்ளே 4 தானா?

மொட்டைமாடி:
அம்மாவின் பழைய போன் ஓய்ந்துவிட்டது. வாட்ஸ்அப், யூடியூப், வீடியோ கால், இவ்வளவுதான் அவருக்குத் தேவை. விலை குறைவாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஹீலியோ ஜி85 சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பகம், 50 மெகாபிக்சல் கேமரா, 6.7 அங்குல எச்டி பிளஸ் திரை, 5000 எம்ஏஎச் பேட்டரி, 10 வாட் சார்ஜர். பெட்டியில் ரேம் "4+4 = 8" என்று போட்டிருக்கிறார்கள். அந்த இன்னொரு 4 நிஜமா? வாங்கலாமா?

திருப்புளி:
போன் சர்வீஸ்தான் எனக்குத் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அந்த இரண்டாவது 4 ரேமே இல்லை. சட்டையில் அழகுக்குத் தைத்த பொய்ப் பை மாதிரி. ரேம் என்பது ஓடும் ஆப்களுக்கான வேகமான தற்காலிக நினைவகம். இங்கே சேமிப்பகத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, உடனே தேவைப்படாததை அங்கே தள்ளிவைப்பார்கள். ரேம் வேகத்துக்குப் பக்கத்தில்கூட சேமிப்பகம் வராது. ரேமுக்குள்ளேயே தரவைச் சுருக்கிவைக்கும் வேலையை ஆண்ட்ராய்டு ஏற்கெனவே செய்கிறது, அதுவே போதும்.

நீங்கள் கேட்காமல் விட்டதுதான் முக்கியம்: சேமிப்பகத்தின் வகை. ஜி85 உள்ள போனில் இஎம்எம்சி 5.1 என்ற மெதுவான வகைதான் வரும். அதன் உச்சவரம்பே நொடிக்கு 400 எம்பி. அதுவும் படிக்கும்போது எழுதாது, எழுதும்போது படிக்காது. அதைவிட வேகமான வகையான யுஎஃப்எஸ் 2.2 இரண்டையும் சேர்த்தே செய்யும். பின்னணியில் ஆப் அப்டேட் ஆகும்போது திரை உறைந்து நிற்கிறதே, பல நேரம் காரணம் இதுதான். பழி மட்டும் ரேம் மேல். "ஹேங் ஆகுது" என்று என்னிடம் வரும் போன்களில் பெரும்பாலும் சேமிப்பகம் விளிம்புவரை நிரம்பியிருக்கும். 64 ஜிபி வேண்டவே வேண்டாம், வாட்ஸ்அப் குழுக்களின் காலை வணக்கப் படங்களே தின்று தீர்த்துவிடும்.

கேமரா? நான்கு பிக்சலை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தரும். தப்பில்லை.

அரைத்தூக்கம்:
திரையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! 6.7 அங்குலத்தில் எச்டி பிளஸ், அதாவது 720 x 1600 பிக்சல் என்றால் அங்குலத்துக்குச் சுமார் 260 பிக்சல். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் படிக்கிறவர்களுக்கு அது குறையே இல்லை, சிப்புக்கும் சுமை மிச்சம். வெயிலில் திரை தெரிகிறதா என்று பாருங்கள், அதுதான் தினமும் உறுத்தும். 10 வாட்டில் 5000 எம்ஏஎச் நிரம்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவில் போட்டுவிடுவார் என்றால் கவலையில்லை.

மொட்டைமாடி:
நன்றி அண்ணா. பெட்டியில் ஜிபி கணக்கு மட்டும்தான் இருக்கிறது. வேறு போன் பார்த்தால் சேமிப்பக வகையை எப்படித் தெரிந்துகொள்வது?

திருப்புளி:
தயாரிப்பாளர் தளத்தில் முழு விவரப் பட்டியலைப் பாருங்கள். எழுதாமல் விட்டிருந்தால் இஎம்எம்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள், யுஎஃப்எஸ் போட்டவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். பட்ஜெட் இடித்தால் இதே போனை 128 ஜிபியில் வாங்குங்கள். வாங்கியதும் அந்தப் போலி ரேமையும் வாட்ஸ்அப்பின் ஆட்டோ டவுன்லோடையும் அணைத்துவிட்டு அம்மா கையில் கொடுங்கள்.