பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அண்ணன் வீடு திரும்புகிறார்: நாங்கள் எப்படித் தயாராக வேண்டும்?

கேள்வி: காங்கேயம் தங்கை

அனைவருக்கும் வணக்கம். காங்கேயம் வட்டத்திலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். கொலை வழக்கொன்றில் ஆயுள் தண்டனை பெற்ற என் அண்ணன், கோவை மத்திய சிறையில் பதினான்கு ஆண்டுகளைக் கழித்துவிட்டார். முன்விடுதலைக்கான அரசாணை வந்துவிட்டது. இன்னும் சில வாரங்களில் வீட்டுக்கு வந்துவிடுவார். வழக்கைப் பற்றி வாதாட நான் இங்கே வரவில்லை. ஓர் உயிர் போனது உண்மை, அதில் அண்ணனுக்குப் பங்கு இருந்ததும் உண்மை. அதை அவர் எங்களிடம் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

சிறைக்குப் போகும்போது அவர் லாரி ஓட்டுநர். உள்ளே நெசவு கற்றுக்கொண்டார். அப்போது மூன்று வயதாக இருந்த மகன் இப்போது பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறான். அண்ணி தையல் வேலை செய்து அவனை வளர்த்தார். கடைசியாகப் பரோலில் வந்த மூன்று நாட்களும் அண்ணன் வாசற்படியைத் தாண்டவில்லை. விளக்கை அணைத்தால் தூக்கம் வரவில்லை என்றார். கழிவறைக்குப் போவதற்குக்கூட எழுந்து நின்று, "போய்ட்டு வரட்டுமா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் அடுப்படிக்குள் போய்விட்டார்.

இறந்துபோனவருடைய குடும்பம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. அதனால், விடுதலையானதும் நேராகத் திருப்பூருக்கு அழைத்துப்போய் ஒரு பனியன் கம்பெனியில் சேர்த்துவிடலாம், அங்கே யாரும் யாரையும் விசாரிக்க மாட்டார்கள் என்கிறார் மாமா. பெற்ற பிள்ளை சொந்த வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்கிறார் அம்மா. இரண்டில் எது சரி என்பதும், முதல் சில வாரங்களில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதும், மகனை எப்படித் தயார்ப்படுத்துவது என்பதும் எனக்குப் புரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வு பெற்ற நன்னடத்தை அலுவலர்

அன்புள்ள சகோதரி, திருப்பூரா ஊரா என்று முடிவெடுக்கும் முன் அந்த அரசாணையை ஒருமுறை முழுமையாகப் படியுங்கள். முன்விடுதலை பெரும்பாலும் நிபந்தனைகளோடுதான் வரும். எங்கே வசிக்க வேண்டும், யாரிடம் எத்தனை நாளுக்கொரு முறை நேரில் வர வேண்டும் என்பவை அதில் எழுதப்பட்டிருக்கலாம். தண்டனைக் குறைப்பு நிபந்தனையுடன் வழங்கப்பட்டு அந்த நிபந்தனை மீறப்பட்டால், அரசு அதை ரத்து செய்து, மீதித் தண்டனையை அனுபவிக்க அவரைத் திரும்பச் சிறைக்கு அனுப்ப முடியும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 432ஆம் பிரிவிலும் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 473ஆம் பிரிவிலும் இதற்கு இடம் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு ஊர் மாற்றிய குடும்பமே இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டதை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். ஊர் மாறுவதாக இருந்தால் உங்கள் மாவட்ட நன்னடத்தை அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை பெற்ற பிறகு மாறுங்கள்.

அடுத்தது காகிதங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், வெளியே வந்தவர்கள் முதல் மாதத்தில் மனம் உடைவது பெரும்பாலும் ஏதோ ஓர் அலுவலக வாசலில்தான். ஆதாரோடு பழைய கைப்பேசி எண்ணை இணைத்திருந்தால், அது இந்நேரம் வேறு யாருக்கோ போயிருக்கும். அந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. இல்லாமல் இன்று எதுவும் நகராது. ஆகவே முதல் வேலையாக ஆதார் மையத்துக்கு அழைத்துப்போய்ப் புதிய எண்ணைப் பதிவு செய்யுங்கள். பழைய வங்கிக் கணக்கு முடங்கியிருக்கும். பத்து ஆண்டுகளுக்கு மேல் யாரும் தொடாத கணக்கிலுள்ள பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்பட்டிருக்கும் என்றாலும், கணக்குக்கு உரியவர் அதே வங்கிக் கிளையில் மனுக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஓராண்டைத் தாண்டிவிட்டதால் மீண்டும் ஓட்டிக் காட்டித்தான் புதுப்பிக்க முடியும். குடும்ப அட்டையில் அவர் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு அந்த அட்டை வேண்டும். சிறையிலிருக்கும்போது வாக்களிக்க முடியாதே தவிர, வெளியே வந்தபின் அவருக்கு வாக்குரிமை உண்டு. சிறையில் கற்ற தொழிலுக்கான சான்றையும், ஊதியக் கணக்கின் மீதியையும் வாசலைத் தாண்டும் முன் கேட்டு வாங்குவது நல்லது, பிறகு அலைவது கடினம்.

விடுதலையானோருக்கு உதவும் சங்கம் ஒன்றும் தமிழ்நாட்டில் இருக்கிறது. அதன் வழியாகச் சுயதொழிலுக்கு உதவி கிடைக்க வாய்ப்பு உண்டா என்று நன்னடத்தை அலுவலரிடம் விசாரியுங்கள். சட்ட ஆலோசனை வேண்டுமானால் 15100 என்ற எண்ணை அழையுங்கள். பெண் என்ற முறையிலேயே, வருமான வரம்பு எதுவும் இல்லாமல், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது.

கோவைச் சிறை என்று நீங்கள் எழுதியதும் எனக்கு வ.உ.சி. நினைவுக்கு வந்தார். அவர் செக்கிழுத்த சிறை அது. அவர் சென்றது நாட்டுக்காக என்பதால் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசவில்லை. ஆனால் 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து அவர் வெளிவந்தபோது, கப்பல் ஓட்டியபோது கூடிய கூட்டம் வரவில்லை. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. சென்னையில் சிறு வணிகம் செய்து வறுமையில் உழன்றார். பிற்பாடு வாலேஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியில் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். தொழில் செய்யும் உரிமை திரும்பக் கிடைப்பது ஒரு மனிதருக்கு எவ்வளவு பெரியது என்பதை அந்தப் பெயரில் நான் பார்க்கிறேன்.

பதில் 2: தறிக்காரன்

நான் சேலம் மத்திய சிறையிலிருந்து வெளியே வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறேன். ஐயா சொன்ன காகித விஷயங்கள் அத்தனையும் உண்மை. நான் வேறொன்று சொல்ல வேண்டும்.

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மாமா சொன்னது இருக்கிறது, உங்கள் தாயார் சொன்னது இருக்கிறது. அண்ணன் எங்கே இருக்க விரும்புகிறார் என்பது எங்குமே இல்லை. குறையாகச் சொல்லவில்லை; என் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. உள்ளே இருந்த காலம் முழுவதும் எப்போது எழுவது, எப்போது குளிப்பது, எப்போது அறைக்குள் போவது என்று எல்லாவற்றையும் மற்றவர்களே முடிவு செய்தார்கள். வெளியே வந்த பிறகு, அன்பினால்தான் என்றாலும், வீட்டாரும் அதையே செய்தார்கள். நான் வந்த முதல் வாரம், மூடியிருக்கும் கதவின் முன் யாராவது வந்து திறப்பார்கள் என்று நின்றுகொண்டிருப்பேன். தாழ்ப்பாள் என் பக்கம் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும், கை போகாது. என் அக்கா ஒருநாள் இருநூறு ரூபாயைக் கையில் கொடுத்து, "என்ன குழம்பு வைக்கலாம்னு நீயே பார்த்து வாங்கிட்டு வா" என்று சொல்லி அனுப்பினார். சந்தையில் அரை மணி நேரம் நின்றேன். கடைசியில் கத்தரிக்காயும் கருவாடும் வாங்கி வந்தேன். அவர் எதுவும் கேட்காமல் சமைத்தார். எனக்கு விடுதலை அன்றுதான் கிடைத்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

வேலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தறி தெரிந்தவர் என்றால் எங்கள் பக்கம் உடனே ஆளெடுப்பார்கள், முன்பணமும் தருவார்கள். தயவு செய்து வாங்க விடாதீர்கள். பணம் கட்டித் தீரும்வரை வேறு தறிக்கு மாற முடியாமல் ஆண்டுக்கணக்காகக் கிடப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஒரு சிறையிலிருந்து வந்தவர் இன்னொன்றில் அகப்பட வேண்டாம். அதேபோல முதலாளியிடம் உண்மையை முதல் நாளே சொல்லிவிடச் சொல்லுங்கள். நான் முதலில் சேர்ந்த இடத்தில் மறைத்தேன். எட்டாவது மாதம் யாரோ சொல்லிவிட, அன்று மாலையே கணக்கு முடித்து அனுப்பினார்கள். இப்போதுள்ள முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தேன், அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இரவு ஷிப்டு ஓட்டுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். இந்த ஒரு காரணத்தாலேயே, யாரும் விசாரிக்காத ஊர் என்ற மாமாவின் யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை.

காவலர்கள் விசாரிக்க வருவார்கள். அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள். அதற்கு மட்டும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பதில் 1-இன் தொடர்ச்சி: ஓய்வு பெற்ற நன்னடத்தை அலுவலர்

தம்பி எழுதியதைப் படித்தபின் என் பதிலில் விட்டுப்போனதைச் சேர்க்கிறேன். விசாரணைக்கு அழைத்தால் ஒத்துழைப்பது முறை. ஆனால் கண்காணிப்பு என்ற பெயரில் நள்ளிரவில் வீட்டுக்குள் நுழைவதை, 1962இல் கரக் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தவறென்று தீர்ப்பளித்துவிட்டது. தொந்தரவு தொடர்ந்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள்.

இரண்டு தெரு தள்ளியிருக்கும் அந்தக் குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்கிறேன் என்று அண்ணன் நேராக அவர்கள் வாசலில் போய் நிற்கக் கூடாது. அவர்களுக்கு அது இன்னொரு அடியாகவே விழும். இருவருக்கும் பொதுவான ஊர்ப் பெரியவர் ஒருவர் வழியாக, அண்ணன் வரப்போகும் செய்தியை முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லியனுப்புங்கள். எதிர்பாராமல் தெருவில் பார்க்க நேர்வதைவிட அது அவர்களுக்குச் செய்யும் மரியாதை. முதல் ஆண்டு கோயில் நோன்பியில் (திருவிழாவில்) அண்ணன் முன்னுக்கு வந்து நிற்காமல் இருப்பதும் நல்லது.

பதில் 3: ஒரு மகள்

என் அப்பா திரும்பி வந்தபோது எனக்குப் பதினாறு வயது. உங்கள் மருமகனுக்காக எழுதுகிறேன். அப்பாவைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எனக்கு அவர் மனுப் பார்க்கும் இடத்தில், அதாவது சிறையில் கைதிகளைக் குடும்பத்தார் சந்திக்கும் இடத்தில், கம்பி வலைக்கு அந்தப் பக்கம், இரைச்சலுக்கு நடுவே கத்திப் பேசும் ஒருவராகத்தான் தெரியும். வலை இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. அவரும் பழக்கத்தில் உரக்கவே பேசினார். திட்டுகிறார் என்று நினைத்து ஒதுங்கினேன். எங்களை நெருங்க வைத்தது ஒரு கைப்பேசி. ஜிபே-யில் பணம் அனுப்பக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். தினமும் எனக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பழகினார். "வந்துச்சா?" என்று கேட்பார், "வந்துச்சு" என்பேன். சில வாரங்களுக்கு எங்கள் பேச்சு அவ்வளவுதான், ஆனால் ஒருநாளும் தவறவில்லை.

அவன் பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பதால், தேர்வு முடியும்வரை அண்ணனுக்காக அவன் தன் அறையையோ படிக்கும் நேரத்தையோ மாற்ற வேண்டியிராதபடி வீட்டை அமைத்துக்கொள்ளுங்கள். 'அப்பா' என்று கூப்பிடச் சொல்லி யாரும் வற்புறுத்தாதீர்கள். அண்ணியிடமும் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். இத்தனை ஆண்டுகள் தனியாக வீட்டை நடத்திய ஒரு பெண்ணுக்கும் இது சுலபமான நாள் அல்ல. எங்கள் அம்மாவிடம் அதை யாருமே கேட்கவில்லை.

கேள்வி கேட்டவர்: காங்கேயம் தங்கை

எல்லோருக்கும் என் நன்றி. அரசாணையின் நகலை எடுத்துப் படித்தேன்; நன்னடத்தை அலுவலரிடம் மாதம் ஒருமுறை நேரில் வரவேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கிறது. குடும்ப அட்டையில் அண்ணன் பெயர் இல்லை, சேர்க்க விண்ணப்பித்துவிட்டோம். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் பேசியிருக்கிறோம். அந்தக் குடும்பத்துக்குத் தாமே போய்ச் சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

தறிக்கார அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வரும் வாரம் மனுவுக்கு அண்ணியும் நானும் போகிறோம். திருப்பூரா, ஊரா என்று இதுவரை அண்ணனிடம் நாங்கள் யாருமே கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்கப்போகிறோம்.